கண்ணகை என்ற பெயரை இன்று பெண் குழந்தைக்கு வைக்கலாமா?

நந்திக்கடலோரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றுடன் 14 நாள் ஆகிறது. 31ஆம் நாள் துடக்குக் கழிவன்று பெயர் வைக்க வேண்டும். என் அம்மம்மாவின் பெயராகிய கண்ணகை என்பதையே பிள்ளைக்கு வைக்க நானும் மனைவியும் விரும்புகிறோம். பிள்ளை பிறந்தது திருவாதிரை நட்சத்திரத்தில் என்பதால் ககரத்தில் தொடங்கும் பெயர் பொருந்தும் என்று சாத்திரியாரும் சொல்லிவிட்டார்.

அம்மம்மாவுக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனமையால், முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை அவர் என்று அம்மா சொல்வார். அவருடைய பெயர் வெட்டிய பித்தளைச் செம்பு ஒன்றை 2009இல் இடம்பெயரும்போது கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போனோம். அடுத்த ஆண்டு திரும்பி வந்து தோண்டி எடுத்தபோது அது முழுவதும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. அம்மா பழப்புளி போட்டுத் தேய்க்கத் தேய்க்க, உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. அன்றுதான் கண்ணகி அல்ல, கண்ணகை என்றே அவருடைய பெயர் எழுதப்பட்டிருப்பதை நான் கவனித்தேன்.

மாமிக்கு இந்தப் பெயரில் விருப்பமில்லை. கணவனை இழந்து, ஊரை எரித்து, கண்ணீரோடு போனவளின் பெயரைப் பிள்ளைக்கு வைத்து அந்த விதியையும் ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்கிறார். அவர் இந்தப் போரில் இழந்தவற்றை நான் அறிவேன், அதனால் அவருடைய பேச்சைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. கண்ணகையும் கண்ணகியும் ஒரே பெயர்தானா, அதன் பொருள் என்ன, முன்னைய தலைமுறையில் இருந்த இப்பெயர் இன்று ஏன் காதில் விழுவதேயில்லை என்பவற்றை அறிந்தவர்கள் சொன்னால், அவருக்கு முறையாக விளங்கப்படுத்துவேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வவுனியா எழுதியது:

தம்பி, முதலில் பொருளைப் பார்ப்போம். கண் என்பதும் நகை என்பதும் சேர்ந்ததே கண்ணகை என்று கொள்வது பொருத்தமான விளக்கம். நிலைமொழி ஈற்றில் ணகர மெய் நிற்க, வருமொழி முதலில் உள்ள நகரம் ணகரமாகத் திரியும். கண்ணும் நீரும் சேர்ந்து கண்ணீர் ஆவது எவ்வாறோ, அவ்வாறே கண்ணும் நகையும் சேர்ந்து கண்ணகை ஆகிறது. உங்கள் மாமி கண்ணீரைச் சொன்னதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: புணர்ச்சி இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் இந்தப் பெயருக்குள் இருப்பது நீர் அன்று, நகை. கண்ணால் நகுபவள் என்னும் பொருளில் பெண்பால் இகர ஈறு பெற்றது கண்ணகி. ஆகவே இரண்டும் ஒரு வேரிலிருந்து வந்த பெயர்களே. ஏட்டு வழக்கில் கண்ணகி என்பதும், ஈழத்துக் கோயில் வழக்கிலும் வீட்டு வழக்கிலும் கண்ணகை என்பதும் ஊன்றி நின்றன.

பெயரின் பழமையைச் சொல்வதானால், சிலப்பதிகாரத்துக் கண்ணகி ஒருத்தியே இப்பெயர் கொண்டவள் அல்லள். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாடல்கள் ஆவியர் தலைவனான பேகன் தன் மனைவியைப் பிரிந்திருந்தபோது, அவளிடம் திரும்பிச் செல்லுமாறு கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகியோர் அவனை வேண்டிப் பாடியவை. அவற்றின் அடிக்குறிப்புகள் அந்த மனைவியின் பெயரைக் கண்ணகி என்றே தருகின்றன. அவளும் அழுதவள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் புலவர் நால்வர் ஓர் அரசனின் முகத்துக்கு நேரே நின்று அவளுக்காக நியாயம் கேட்டார்கள். சிலப்பதிகாரமோ தன் தலைவியை அறிமுகம் செய்யும் இடத்திலேயே "பெயர் மன்னும் கண்ணகி" என்கிறது. மன்னுதல் என்றால் நிலைத்தல்.

இலங்கைக்கும் இப்பெயருக்கும் உள்ள உறவும் அந்த நூலிலேயே பேசப்படுகிறது. சேரன் செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்த விழாவில் கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும் இருந்ததாக வரந்தரு காதை கூறும். சிங்கள மக்கள் இன்றும் அவளைப் பத்தினித் தெய்வமாக வணங்குகிறார்கள்.

பெயர் அருகியதற்கு ஒரு காரணம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் கண்ணகி வழிபாட்டை ஆகம நெறிக்குப் புறம்பானதென்று கண்டித்தார். பின்னாளில் அங்குள்ள கண்ணகை கோயில்கள் சிலவற்றில் அம்மன் இராஜராஜேஸ்வரி முதலிய பெயர்களைப் பெற்றாள். கோயிலில் பெயர் மாறினால் தொட்டிலிலும் மாறத்தான் செய்யும். மட்டுவில் பன்றித்தலைச்சி போன்ற கோயில்கள் பழைய பெயரைக் கைவிடவில்லை. வன்னியிலும் மட்டக்களப்பிலும் அந்தக் கண்டனம் அவ்வளவாக எடுபடவில்லை. எனினும் வன்னியில் 1990களில் தனித்தமிழ்ப் பெயர்கள் பெருகியபோதுகூடப் பெற்றோர் நாடியது இனி, விழி, மதி என்று முடியும் புதிய பெயர்களையே. கண்ணகை என்பது ஆச்சிமாரின் பெயராகவே கருதப்பட்டு ஒதுங்கிவிட்டது. நான் படிப்பித்த காலம் முழுவதிலும் வகுப்பு இடாப்பில் அந்தப் பெயரை ஒருமுறையேனும் வாசித்ததில்லை என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

தண்ணீரூற்று வாசகி எழுதியது:

ஆசிரியர் ஐயா நூல் வழியாகச் சொன்னார், நான் எங்கள் ஊர் வழக்கைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் இந்தப் பெயரை வைக்கத் தயங்கியவர்கள் அதை அமங்கலம் என்று எண்ணித் தயங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை, அச்சத்தினாலேயே தயங்கினார்கள். வீட்டில் பிள்ளையை ஏச நேர்ந்தால் அம்மனின் பெயரைச் சொல்லி அல்லவா ஏச வேண்டும் என்று என் அப்பாச்சி கேட்பார். கொப்பளிப்பான் வந்தால்கூட நோயின் பெயரைச் சொல்லாமல் அம்மாள் வருத்தம் என்று தாழ்ந்த குரலில் சொல்லும் ஊர் எங்களுடையது. ஆகவே உங்கள் அம்மம்மாவைப் போல நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு மட்டுமே துணிந்து அப்பெயரை வைத்தார்கள்.

உங்கள் மாமியிடம் வற்றாப்பளைக் கதையை நினைவூட்டிப் பாருங்கள். மதுரையை எரித்தவளின் கதை அந்த நகரத்தோடு முடிவதில்லை. அவள் கோபம் தணிந்து, ஒரு மூதாட்டியின் கோலத்தில் நந்திக்கடலோரம் வந்து, மாடு மேய்க்கும் சிறுவர்களோடு தங்கினாள் என்பதே எங்கள் மரபு. பொழுது பட்டதும் விளக்கேற்ற எண்ணெய் இல்லையே என்று அவர்கள் கவலைப்பட, கடல்நீரை வார்த்து ஏற்றுங்கள் என்றாள், விளக்கு எரிந்தது. பிறகு தன் தலையில் பேன் பார்க்கச் சொன்னாள். மயிரை விலக்கிப் பார்த்த சிறுவர்கள் தலையெங்கும் கண்களைக் கண்டு திகைத்து நிற்க, அவள் மறைந்துவிட்டாள். அவள் தங்கிய இடங்களில் இது பத்தாவது என்பதால் பத்தாப்பளை என்றிருந்து வற்றாப்பளை ஆயிற்று என்பார்கள்.

இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பதைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். கூட்டத்தில் என்னை அப்பா தோளில் ஏற்றிக் காட்டிய அந்தச் சிறிய சுடர் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எங்களுக்குக் கண்ணகை என்றால் அந்தச் சுடரும், பேன் பார்க்கச் சொன்ன அந்த ஆச்சியுமே நினைவுக்கு வருகிறார்கள், மதுரையின் நெருப்பு அதற்குப் பிறகுதான்.

கிளிநொச்சி கண்ணகை எழுதியது:

இந்தப் பெயரோடு 40 ஆண்டுகளாக வாழ்பவள் நான். பெயரால் எனக்கு எந்தக் கெடுதியும் வந்ததில்லை. ஆனால் ஒரு கவனம் தேவை. என் பிறப்பைப் பதிந்தவர், அப்பா சொன்ன கண்ணகை என்பதைப் பிழையென்று எண்ணிக் கண்ணகி என்று திருத்தி எழுதிவிட்டார். பள்ளிக்கூடத்தில் கண்ணகை, பிறப்புச் சான்றிதழில் கண்ணகி என்று இரண்டு பெயராகி, அடையாள அட்டை எடுக்கும் காலத்தில் சத்தியக் கடதாசி முடித்துக்கொண்டு அலைய வேண்டியதாயிற்று. பிறந்து 42 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால், துடக்குக் கழிவுக்குப் பின் உங்களுக்குக் கிடைப்பது 11 நாள்தான். பெயரைத் தெளிவாக எழுதிக்கொண்டு போங்கள். பதிந்ததை எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்க்காமல் கையொப்பம் இடாதீர்கள்.

நந்திக்கடலோரம் எழுதியது:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இவற்றையெல்லாம் நேற்றிரவு மாமிக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணீர், கண்ணகை என்ற இடத்தை மட்டும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். பேன் பார்த்த கதை தனக்கும் தெரியும், தன் தாயார் சொல்லக் கேட்டதுதான் என்றார். சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை. இன்று காலையில் எழுந்து பார்த்தபோது, அம்மம்மாவின் செம்பைப் பழப்புளி போட்டுத் தேய்த்துக் கிணற்றுக் கட்டில் கவிழ்த்து வைத்திருந்தார்.