மகளிர் குழுக் கூட்டம்: இரண்டு இடத்தில் முட்டுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். கிராமத்து மகளிர் குழுக்களில் சேமிப்புக் கணக்கு முடிந்ததும் அரை மணி நேரம் உடல்நலத்துக்கும் பாதுகாப்புக்கும் ஒதுக்குகிறோம்.

முதல் சிக்கல் இரும்புச்சத்து மாத்திரை. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. மாத்திரை வாங்கியும் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். குமட்டல் ஒரு காரணம். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயப்படுவது இன்னொன்று. கறுப்பு நிறம் இரும்பினால் வருவது, ஆபத்தில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும். டீ, காபியோடு போட்டால் சத்து சரியாகச் சேராது. இதையெல்லாம் படிக்கத் தெரியாதவர்களுக்குப் பட அட்டையாகச் செய்தவர்கள் இருந்தால், அதன் மாதிரி ஒன்றை அனுப்புங்கள்.

அடுத்தது, வேலையிடத்தில் பாலியல் தொல்லை. 10 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடமென்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, 2013-ஆம் ஆண்டு வேலையிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி, மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கலாம். எழுத முடியாதவருக்கு அந்த உள்ளூர்க் குழுவினரே எழுத உதவ வேண்டும். ஆனால் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை; நாத்தனாரும் ஓரகத்தியும் அதே பாயில் உட்கார்ந்திருந்தால் எப்படிப் பேசுவார்கள்? தனியாகக் கேட்க யாரை, எந்த இடத்தில் வைத்தீர்கள்? புகார் கொடுக்க உடன் போனது யார்?

பதில் எழுதும்போது பெண்களின் பெயர், ஊர் வேண்டாம். அவசரமென்றால் பெண்கள் உதவி எண் 181.