கோஃபாக்ஸின் முதல் 6 வருடங்கள்: குற்றவாளி போனஸ் விதியா?

இடதுகை ரசிகன்:
பேஸ்பால் பிட்சர் (பந்து வீசுபவர்) சாண்டி கோஃபாக்ஸ் என்றால் எல்லோரும் அவர் கொடிகட்டிப் பறந்த 1963, 1965 என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் அதற்கு முந்தைய கதையில்தான். 1954 கடைசியில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் 14,000 டாலர் போனஸ் கொடுத்து அவரை எடுத்தது. 4,000 டாலருக்கு மேல் கொடுத்து எடுத்த பையனை 2 வருடம் மைனர் லீகுக்கு (இளம் வீரர்கள் ஆடிப் பழகும் கீழ்மட்டப் போட்டி) அனுப்பக் கூடாது என்று அப்போது விதி. பணக்கார அணிகள் இளசுகளை வாரிச் சுருட்டாமல் இருக்கப் போட்ட விதி, அடி விழுந்ததோ பையன்கள் மேல். கல்லூரியில் பாஸ்கெட்பால் ஆடிக்கொண்டிருந்தவர், பிட்சிங்கில் பெரிய அனுபவம் கிடையாது. மைனர் லீக் யாருக்காவது தேவை என்றால் அது இவருக்குத்தான். ஆனால் 1955ல் 42 இன்னிங்ஸ்கூட (ஒரு முழு ஆட்டத்துக்கு 9) வீசவில்லை, 1956ல் 59 கூட இல்லை. மீதி நேரம் பெஞ்ச். 1960 முடிவில் அவர் கணக்கில் மொத்தம் 36 வெற்றி, 40 தோல்வி. 6 வருடத்தையும் அந்த விதி தின்றுவிட்டது.

கணக்குப்பிள்ளை:
2 வருட விதி என்று நீங்களே சொல்கிறீர்கள், பில் மட்டும் 6 வருடத்துக்குப் போடுகிறீர்களே! 1957லேயே கட்டு அவிழ்ந்துவிட்டது. 1958லிருந்து ஒவ்வொரு வருடமும் 150 இன்னிங்ஸுக்கு மேல் வீசியிருக்கிறார். 1960ல் 26 ஆட்டங்களில் முதல் பந்தே அவர் கையில். 8 வெற்றி, 13 தோல்வி, 175 இன்னிங்ஸில் 100 வாக் (பந்து குறி தப்பிப் போனதால் பேட்டருக்கு அடிக்காமலேயே முதல் பேஸ்). இதற்குமேல் என்ன வாய்ப்பு வேண்டும்? பந்து எங்கே போகும் என்று வீசுகிறவருக்கே தெரியாவிட்டால் விதி என்ன செய்யும்?

ராத்திரிப்பறவை:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். 1955ல் கோஃபாக்ஸுக்கு இடம் வேண்டும் என்று மான்ட்ரியல் மைனர் லீக் அணிக்கு இறக்கப்பட்ட பிட்சர் டாமி லசோர்டா, பின்னாளில் அதே டாட்ஜர்ஸின் மேனேஜர். அந்த மனிதரின் வருத்தத்தையும் யாராவது கணக்கில் எடுங்கள் :) அப்புறம், இருவருமே மைதானத்தை மறந்துவிட்டீர்கள். 1958ல் டாட்ஜர்ஸ் புரூக்ளினை விட்டு லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனதும் ஆடிய கொலிசியத்தில் இடதுபக்க எல்லை சுமார் 250 அடிதான், உயரமாக ஒரு வலை கட்டி ஒப்பேற்றியிருந்தார்கள். 1962ல் டாட்ஜர் ஸ்டேடியத்துக்குப் போனதும்தான் பிட்சர்களுக்கு மூச்சு வந்தது.

இடதுகை ரசிகன்:
மைதானம் உதவியது, சரி. ஆனால் 18 வெற்றியும் 269 ஸ்டிரைக் அவுட்டும் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமலேயே அவுட்) வந்தது 1961ல், அதே கொலிசியக் காலத்தில். மாற்றம் அதற்கு முன்பே, அந்த வருட வசந்தகாலப் பயிற்சியில் நடந்துவிட்டது. ஆர்லாண்டோவில் ட்வின்ஸ் அணியோடு ஒரு சாதாரண பயிற்சி ஆட்டம். கூட வரவேண்டிய பிட்சர் விமானத்தைத் தவறவிட்டார், அதனால் நிறைய இன்னிங்ஸ் இவர் தலையில். வழக்கம்போல முழு பலத்தோடு வீசி, வரிசையாக வாக் கொடுத்து, மூன்று பேஸிலும் எதிரணி ஆள். பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் நார்ம் ஷெர்ரி நடந்து வந்து, வேகத்தைக் கொஞ்சம் குறை, அடித்தால் அடிக்கட்டும் என்கிறார். கோபத்தில் இருந்தவர் சும்மா முயன்று பார்க்கிறார். அடுத்த மூன்று பேரும் ஸ்டிரைக் அவுட்! 1961ல் 255 சொச்சம் இன்னிங்ஸில் 96 வாக்தான். முந்தின வருடத்தைவிட 80 இன்னிங்ஸ் அதிகம், வாக் மட்டும் கூடவில்லை. இதை ஒரு மைனர் லீக் கேட்சர் 1955லேயே சொல்லியிருக்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

கணக்குப்பிள்ளை:
சொல்லியிருக்கலாம், கேட்டிருப்பாரா? ஜோ பெக்கர் என்ற பிட்சிங் கோச் அந்த 6 வருடமும் பக்கத்திலேயே இருந்தார். 1960 முடிந்ததும் கோஃபாக்ஸ் கிளவுஸையும் ஷூவையும் குப்பையில் போட்டுவிட்டுப் போனார். உடைமாற்றும் அறையைப் பார்த்துக்கொண்ட நோபி கவானோ எடுத்து வைத்தார் என்பது தெரிந்த கதைதானே. அந்த அளவுக்கு வெறுத்துப் போனபிறகுதான் ஷெர்ரி பேச்சு காதில் ஏறியது.
இன்னொன்று. மூட்டுவலியால் 30 வயதில், 27 ஆட்டம் ஜெயித்த கையோடு விலகினார். 19, 20 வயதில் மைனர் லீகில் வருடத்துக்கு 200 இன்னிங்ஸ் வீசவைத்திருந்தால் அந்த முழங்கை 1966வரை வந்திருக்குமா? நீங்கள் திட்டும் பெஞ்சே அதைக் காப்பாற்றியிருக்கலாம்.

இடதுகை ரசிகன்:
1965ல் 335 இன்னிங்ஸ் வீசவைத்தவர்களை விட்டுவிட்டு 1955 மைனர் லீகைப் பிடிக்கிறீர்களே! ஆனால் பெஞ்ச் பற்றிச் சொன்னது கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது. நாளைக்கு வருகிறேன்.