தரம் மூன்றுப் பிள்ளைக்கு வாக்குச் சீட்டு எதற்கு?

உவர்மலை அம்மா எழுதியது:
மகள் தரம் 4. பள்ளிக்கூடம் திருகோணமலை நகரத்துக்குள்தான், பெயர் வேண்டாம். இந்தத் தவணை மாணவர் மன்றம் என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். தரம் 3, 4, 5 இல் வகுப்புக்கு இரண்டு பேர், சீட்டுப் போட்டுத் தெரிவு. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் கூட்டம். மகள் தெரிவான நாளில் இருந்து வீட்டில் ஒரே மன்றக் கதைதான். அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. 200 புள்ளிக்கு ஓட வேண்டியவள், தண்ணீர்க் குழாயடியில் வரிசை எப்படி நிற்பது என்று கொப்பியில் தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒன்பது வயதுக்கு இது தேவையா? சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியவில்லை.

கச்சான்காற்று:
தேவையே இல்லை அக்கா. எங்கள் காலத்தில் வகுப்புக்கு ஒரு மொனிற்றர். கதைத்தவனின் பெயரை எழுதிக் கொடுப்பான், ரீச்சர் அடிப்பார், முடிந்தது. பெரிய பள்ளிக்கூடங்களில் மாணவர் பாராளுமன்றம் நடக்கிறதே, பிரதமர், சபாநாயகர், அமைச்சர் எல்லாம் வைத்து? நான் பார்த்ததில் பேச்சை எழுதிக் கொடுத்தது ஆசிரியர், போட்டோ போனது முகநூலுக்கு. இப்போது அதற்கொரு குட்டி. என் அண்ணன் மகனின் வகுப்பில் வென்றவன் யார் தெரியுமா? தேர்தலுக்கு முதல் நாள் ‘எனக்குப் பிறந்தநாள்’ என்று சொல்லி ரொபி கொடுத்தவன். அவனுடைய பிறந்தநாள் முடிந்து மூன்று மாதம்.

சாம்பல்தீவு ரீச்சர்:
தம்பி, ரொபிக் கதையை மறுக்கமாட்டேன், எங்களிடமும் நடந்தது. அப்புறம் ஒரு நிபந்தனை வைத்தோம்: போட்டியிடுகிற பிள்ளை, பள்ளிக்கூடத்தில் சரியில்லாத ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் வாக்குக் கேட்கலாம். தவணைக்குத் தவணை ஆட்களையும் மாற்றினோம். ரொபி நிற்கவில்லை, ஆனால் ரொபி மட்டும் போதாது என்றாகிவிட்டது.

அந்தத் தேர்தலில் தரம் 3 பிள்ளை ஒருத்தி எழும்பி, ‘நாங்கள் காலையில் தண்ணீர் குடிப்பதில்லை’ என்றாள். ஏன் என்றால், பெண் பிள்ளைகளின் மலசலகூடக் கதவுக்குக் கொளுக்கி இல்லை. அதனால் போவதில்லை, போகாமல் இருக்கக் குடிப்பதும் இல்லை. கச்சான் காற்று அடிக்கிற ஜூன் மாதத்தில் பிள்ளைகள் தலையிடி என்று படுப்பதை வெயில் என்றுதான் நினைத்திருந்தோம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆசிரியர்களுக்குத் தனி மலசலகூடம், அதற்குக் கொளுக்கி இருக்கிறது. கொளுக்கியின் விலை எல்லோருக்கும் தெரியும். அதிபர் அடுத்த கிழமையே போட்டுவிட்டார்.

கச்சான்காற்று:
அதைக் கண்டுபிடிக்க ஒரு மன்றமா ரீச்சர்? நீங்கள் ஒரு நாள் அந்தக் கதவைத் திறந்து பார்த்திருந்தால் போதுமே.

சாம்பல்தீவு ரீச்சர்:
பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அதுதான் நான் சொல்வதும்.

கோட்டையடி:
நகரத்து ஆள் நான், இன்னொரு பக்கத்தையும் சொல்கிறேன். ஊருக்குள் சுற்றுகிற புள்ளிமான்கள் தெரியும்தானே, குப்பையில் கிடக்கிற பொலித்தீனையும் தின்றுவிடும். மகனின் பள்ளிக்கூடத்துக்குள்ளும் வரும். மன்றம் கூடி, இனி யாரும் சாப்பாட்டை லஞ்ச் சீற் என்கிற பொலித்தீன் தாளில் சுற்றிக்கொண்டு வரக்கூடாது, பெட்டிதான் என்று தீர்மானித்தது. நல்ல விஷயம் என்று நாங்களும் கைதட்டினோம். இரண்டாம் நாளே ஒரு பிள்ளை சாப்பாடில்லாமல் வந்தான். வீட்டில் ஒரு பெட்டிதான், அது தங்கச்சிக்கு. மன்றத்துப் பிள்ளைகள் இடைவேளையில் பையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்! பெரும்பான்மை வாக்கு என்றால் சின்னப் பிள்ளைகளிடமும் அது பெரும்பான்மைதான்.

கார்டிஃப் மாமா:
சொந்த ஊர் நிலாவெளி, இருப்பது வேல்ஸில். இங்கே 2005 இல் வந்த விதிகளின்படி அரச ஆரம்பப் பள்ளிகளிலும் மன்றம் கட்டாயம், தெரிவு இரகசிய வாக்கெடுப்பில். எனக்குப் பிடித்தது வேறொன்று. மன்றம் கேட்டதற்குத் தலைமையாசிரியர் பதில் சொல்லியாக வேண்டும். ‘இல்லை’ என்றும் சொல்லலாம், ஆனால் பேசாமல் இருக்க முடியாது.

கச்சான்காற்று:
மாமா, வேல்ஸைக் கொண்டுவந்து உப்புவெளியில் நடாதீர்கள். அங்கே ஒரு வகுப்பில் எத்தனை பேர், இங்கே எத்தனை பேர்?

சாம்பல்தீவு ரீச்சர்:
நட்டது மாமா இல்லை தம்பி. ஐ.நா. சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991 இலேயே ஏற்றுக்கொண்டது. அதில் 12 ஆம் உறுப்புரை, பிள்ளையைப் பாதிக்கிற விஷயத்தில் பிள்ளையின் கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. பிள்ளை சொன்னபடி ஆட வேண்டும் என்று இல்லை.

கோட்டையடி, பை திறந்தது பிழை. தண்டிக்கிற வேலையை மன்றத்திடம் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் அது தம்பியின் பழைய மொனிற்றர்தான், ஆட்கள் மட்டும் அதிகம். சரி, அந்த லஞ்ச் சீற் விஷயம் கடைசியில் என்ன ஆனது?

கோட்டையடி:
பிறகு அவர்களே மாற்றினார்கள். சீற்றில் கொண்டுவரலாம், ஆனால் மூடி போட்ட வாளியில்தான் போட வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இரண்டு வாளி வாங்கிக் கொடுத்தோம். சாப்பாடில்லாமல் வந்தவன்தான் அதைச் சொன்னானாம். மன்றத்தில் அவன் இல்லை, வகுப்புப் பிரதிநிதி போய்ச் சொல்லியிருக்கிறாள்.

உவர்மலை அம்மா:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு மகளின் கொப்பியைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில், கிழமையில் ஒரு நாள் மைதானம் பெண் பிள்ளைகளுக்கு வேண்டும், மற்ற நாளெல்லாம் தரம் 5 அண்ணாமார் கிரிக்கெட் விளையாடுகிறார்கள் என்று எழுதியிருந்தாள். கீழே சிவப்பு மையில் அதிபர் ‘பார்க்கலாம்’ என்று எழுதியிருக்கிறார். அதற்கும் கீழே இவளுடைய கையெழுத்தில்: ‘எப்போது?’ படிப்புக் கவலை எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை. வெள்ளிக்கிழமை கூட்டம்.

கச்சான்காற்று:
என்ன பதில் வந்தது என்று இங்கே போடுங்கள் அக்கா. இன்னொரு ‘பார்க்கலாம்’தான் வரும், பந்தயம்.