[இழை] தரவரிசை, தெரிவுவரிசை, வாகைவழி: பேரெடைக் கலப்புச் சண்டையை முன்வைத்து

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

கூண்டுக்குள் குத்து, உதை, பிடி எல்லாம் கலந்து நடக்கும் எம்எம்ஏ சண்டைக்கான சொற்களைத் தமிழில் தொகுக்கக் கோத்தகிரி ஆசிரியர் நண்பர் தொடங்கிய இழையில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. எடைப் பிரிவுக்கு என்ன பெயர் என்பது ஒன்று. அந்தப் பிரிவுக்குள் வீரர்களை மேலும் கீழுமாக அடுக்கும் பட்டியலுக்கு என்ன பெயர் என்பது இன்னொன்று. முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

> ஹெவிவெயிட்டுக்கு ‘மிகை எடைப் பிரிவு’ என்று போடலாமா?

வேண்டாம் நண்பரே. மிகை எடை என்றால் டாக்டர் குறைக்கச் சொல்லும் எடை. ‘பேரெடை’ போதும், பேரலை, பேரொலி என்று நாம் புழங்கும் சொற்களோடு சேர்ந்து நிற்கும். அதற்குக் கீழே உள்ள லைட் ஹெவிவெயிட்டை ‘இளம்பேரெடை’ எனலாம். இளஞ்சூடு, இளஞ்சிவப்பு என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்த ‘இளம்’ உடனே பிடிபடும். இந்தச் சண்டைகளை நடத்தும் அமெரிக்க நிறுவனமான யூஎஃப்சியின் கணக்கில் இளம்பேரெடையின் மேல்வரம்பு 205 பவுண்டு, அதாவது 93 கிலோ. பேரெடை அங்கே தொடங்கி 265 பவுண்டு, 120 கிலோ வரை போகிறது. ஒரே பிரிவுக்குள் 27 கிலோ இடைவெளி! இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

> எம்எம்ஏ = கலப்பு மற்போர்?

திண்டுக்கல் ஐயா சொன்ன இந்தச் சொல்லில் கம்பீரம் இருக்கிறது. ஆனால் மல் என்பது பிடித்து மடக்கி வீழ்த்துவது. கூண்டுக்குள் குத்தும் உதையும் முழங்கையும் சேர்ந்தே வருகின்றன. ‘குத்துச்சண்டை’ ஊரறிந்த சொல் என்பதால், அதன் பக்கத்தில் ‘கலப்புச் சண்டை’ இயல்பாக உட்காரும். மல்லை விட மனமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆமூர் மல்லனை வீழ்த்திய சோழனின் பெயர் போரவைக் கோப்பெருநற்கிள்ளி. அந்தப் ‘போரவை’யை எடுத்து, யூஎஃப்சி, பிஎஃப்எல் போலச் சண்டைகளை ஏற்பாடு செய்யும் நிறுவனங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். ‘சண்டை ஊக்குவிப்பு நிறுவனம்’ என்று மூன்று சொல்லில் இழுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

குன்னூரில் நான் பயிற்சி கொடுக்கும் ஜிம் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு மாடியில் இருக்கிறது. மழைக்காலத்தில் தரைப்பாய் லேசில் உலராது. பையன்கள் அதைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டு வெள்ளைப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து வாதாடுவார்கள். ஒருநாள் யூஎஃப்சியின் பேரெடைப் பட்டியலை போனைப் பார்த்துப் பலகையில் எழுதி, மேலே ‘உலகத் தரவரிசை’ என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டிருந்தார்கள். பிளஸ் டூ படிக்கும் ஒரு பையன் கேட்டான்: “அண்ணா, என்கானு பேரையே காணோமே, யார்கிட்ட தோத்தாரு?”

யாரிடமும் தோற்கவில்லை. பிரான்சிஸ் என்கானு 2021 மார்ச்சில் ஸ்டீப்பே மியோசிச்சை இரண்டாம் சுற்றில் சாய்த்துப் பட்டம் வாங்கினார். 2022 ஜனவரியில் சிரில் கானை வென்று தக்கவைத்துக்கொண்டார். அடுத்த ஜனவரியில் ஒப்பந்தம் ஒத்துவராமல் போரவையை விட்டே வெளியேறினார். அதோடு பட்டியலிலிருந்தும் பெயர் போயிற்று. ஏனென்றால் அந்தப் பட்டியலில் இடம்பெற யூஎஃப்சியில் சண்டையிடுபவராக இருக்க வேண்டும். அது உலகப் பட்டியலே அல்ல, ஒரு போரவையின் உள்வீட்டுப் பட்டியல்.

சரி, ‘உலக’த்தை அழித்துவிட்டால் ‘தரவரிசை’ சரியாகிவிடுமா? ஆகாது என்பதுதான் என் வாதம்.

2013 பிப்ரவரியில் யூஎஃப்சி இந்தப் பட்டியலைத் தொடங்கியபோது ஓர் ஏற்பாடு செய்தது. விளையாட்டுச் செய்தியாளர்கள் அடங்கிய குழு வாக்களிக்கும்; ஒவ்வொரு எடைப் பிரிவிலும் முன்னணி வீரர்கள் வரிசைப்படுவார்கள். பட்டம் வைத்திருப்பவரும் இடைக்காலப் பட்டக்காரரும் (அவர் சண்டையிட முடியாதபோது தற்காலிகமாகப் பட்டம் பெறுபவர்) வாக்கெடுப்புக்கு வெளியே, பட்டியலின் உச்சியில் தாமாகவே நிற்பார்கள். இதில் அளவுகோல் என்று எதுவும் இல்லை. நிறைய சண்டை பார்த்த சிலரின் கணிப்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் மலையில் தேயிலை ஃபேக்டரிக்குப் போய்வந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே ‘கிரேடு’ என்பது சல்லடையில் சலித்த தூளின் அளவு. குடித்துப் பார்த்துச் சொல்லும் ருசி வேறு கணக்கு. இரண்டையும் ‘தரம்’ என்று ஒரே சொல்லில் எழுதினால் வாங்குகிறவர் குழம்பித்தான் போவார்.

நம் பத்திரிகைகளில் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் ‘ஃபிடே தரவரிசை’ என்று படிக்கிறோமே, அது முழுக்கக் கணக்கு. அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஹங்கேரியர் அர்பாட் எலோ வகுத்த முறையை ஃபிடே 1970இல் ஏற்றுக்கொண்டது. இரண்டு ஆட்டக்காரர்களுக்கு இடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், மேலே இருப்பவர் நூற்றுக்கு ஏறத்தாழ 76 பங்கு எடுப்பார் என்று கணக்குச் சொல்கிறது. எதிர்பார்த்ததற்கு மேல் எடுத்தால் புள்ளி ஏறும், குறைந்தால் இறங்கும். விஸ்வநாதன் ஆனந்தின் 2800ஐ யாரும் வாக்குப் போட்டுக் கொடுக்கவில்லை.

அதையே கலப்புச் சண்டைக்கும் போட்டால் என்ன என்று சிலர் போட்டுப் பார்க்கிறார்கள். அதைத் தடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் பேரெடையில் அந்தக் கணக்கு திணறும். சதுரங்கக்காரருக்கு ஒரு வருடத்தில் எத்தனையோ ஆட்டம். பேரெடைக்காரருக்கு ஒன்றோ இரண்டோ. சில வருடங்களில் அதுவும் இல்லை. என்கானுவிடம் தோற்ற மியோசிச் அடுத்துக் கூண்டேறியது 2024 நவம்பரில்தான், அதுவும் நேராக ஜோன் ஜோன்ஸின் பட்டத்துக்கு. இடைக்காலப் பட்டத்தோடு டாம் ஆஸ்பினால் அப்போது காத்திருந்தார். இது எந்த வரிசையின் நியாயம் என்று ரசிகர்கள் கொதித்ததில் தப்பில்லை என்பேன்.

கையுறையையும் பாருங்கள். குத்துச்சண்டைப் பேரெடையில் 10 அவுன்ஸ், கலப்புச் சண்டையில் ஏறத்தாழ 4 அவுன்ஸ், அதுவும் விரல் திறந்தது. எதிரில் நிற்பவர் உங்களைவிட 20 கிலோ கூடுதலாகவும் இருக்கலாம் (அந்த 27 கிலோ கணக்கு இங்கேதான் வருகிறது). ஒரு குத்து காதோரம் விழுந்தால் அத்தனை வருட உழைப்பும் அந்த நொடியில் தரையில் கிடக்கும்.

இதற்கு ஆஸ்பினாலின் கதையே போதும். 2022 ஜூலையில் கர்ட்டிஸ் பிளேட்ஸோடு மோதினார். 15ஆம் நொடியில் முழங்கால் பிசகிக் கீழே விழுந்தார். பதிவேட்டில் அது தோல்வி. 2023 நவம்பரில் செர்கெய் பாவ்லோவிச்சை 69 நொடியில் சாய்த்து இடைக்காலப் பட்டம். 2024 ஜூலையில் அதே பிளேட்ஸை 60 நொடியில் முடித்தார். புள்ளிக் கணக்குக்கு முழங்கால் பிசகியதும் தோல்விதான், ஐந்து சுற்று அடிவாங்கித் தோற்றதும் தோல்விதான். பார்த்துக்கொண்டிருந்த குழுவுக்கு அந்த வித்தியாசம் தெரியும். இதை நான் குழுவுக்கு ஆதரவாகவே சொல்கிறேன்.

ஆகவே இரண்டுக்கும் இரண்டு சொல் வேண்டும். புள்ளி போட்டு அடுக்கும் பட்டியலுக்கு ‘தரவரிசை’ இருக்கட்டும். சதுரங்கத்தாலும் கிரிக்கெட்டாலும் அது அப்படித்தான் நிலைத்திருக்கிறது. குழு கூடித் தெரிந்தெடுக்கும் பட்டியலுக்கு?

> வாக்குவரிசை

கோத்தகிரி நண்பரின் இந்தச் சொல்லைப் படித்ததும் வாக்குச்சாவடி வாசலில் நிற்கும் வரிசைதான் கண்முன் வருகிறது. நான் முன்வைப்பது ‘தெரிவுவரிசை’. தெரிவு என்ற சொல் சென்னைப் பத்திரிகைகளில் அருகிவிட்டது. ஆனால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி நீலகிரியில் குடியேறிய குடும்பங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்த மக்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் இங்கே தொடங்கின. எங்கள் பையன்களில் ஒருவனின் தாத்தா அட்டன் பக்கத்திலிருந்து வந்தவர். “என்னை டீமுக்குத் தெரிவு செஞ்சாங்க” என்று அவர் சொல்லும்போது, யாரோ பார்த்துப் பொறுக்கி எடுத்தார்கள் என்ற பொருள் அதிலேயே வந்துவிடுகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

மூன்றாவது ஒன்றும் உண்டு. பட்டத்தை வைத்திருந்தவரைக் கூண்டுக்குள் வீழ்த்தியவர், அவரை வீழ்த்தியவர் என்று கைமாறி வரும் தொடர். அதற்கு ‘வாகைவழி’ என்கிறேன். இதன்படி பார்த்தால் மியோசிச்சுக்குப் பின் என்கானு. அவரிடமிருந்து அந்தப் பட்டத்தைக் கூண்டுக்குள் யாரும் பறிக்கவில்லை. ஜோன்ஸ் 2023 மார்ச்சில் வென்றது காலியான பட்டத்தை. 2025 ஜூனில் ஜோன்ஸ் ஓய்வு பெற்றதும் ஆஸ்பினால் முழுப் பட்டக்காரரானது நிர்வாக முடிவு. ‘தரவரிசை’ என்ற ஒரே சொல்லை மூன்றுக்கும் நீட்டினால் அந்தப் பையனின் கேள்விக்கு ஒருநாளும் பதில் சொல்ல முடியாது.

எலோ முறையில் ஏறி இறங்கும் புள்ளிக்கு ‘தரப்புள்ளி’ என்று திண்டுக்கல் ஐயா சொன்னதற்கு மறுப்பு உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து

———

தம்பிக்கு,

மூன்றாகப் பிரிப்பதில் எனக்கும் சம்மதம். இரண்டு சொல்லில் மட்டும் தடை உண்டு.

> தரப்புள்ளி

கல்லூரியில் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலில் இருப்பது இதுதான். ‘தரப்புள்ளிச் சராசரி’ என்று போட்டுத்தான் சான்றிதழ் கொடுக்கிறார்கள். அதை மறுபடியும் சண்டைக்குக் கொண்டுவந்தால் இன்னொரு குழப்பம். எலோ அளப்பது ஆட்டக்காரரின் வலுவை. ‘வலுப்புள்ளி’ என்று வைத்தால் சதுரங்கத்துக்கும் பொருந்தும், கூண்டுக்கும் பொருந்தும்.

> தெரிவுவரிசை

சொல் அழகு. எனக்குள்ள கவலை வேறு. கணக்குப் போட்டது உயர்ந்தது, ஆட்கள் கூடிச் சொன்னது தாழ்ந்தது என்று படிக்கிறவர் எடுத்துக்கொண்டால் அநியாயம். ஃபெடோர் எமிலியானென்கோ யூஎஃப்சி பக்கமே வந்ததில்லை. 2003இல் ஜப்பானின் பிரைடு போரவையில் நொகேய்ராவை வென்று பட்டம் வாங்கியவர். 2000 டிசம்பரில் ஒரு வெட்டுக்காயத்தால் 17 நொடியில் நிறுத்தப்பட்ட சண்டைக்குப் பிறகு, 2010 ஜூனில் வெர்டூமிடம் மாட்டும்வரை யாரிடமும் தோற்கவில்லை. அந்த வருடங்களில் பெரும்பகுதி அவரை உலகின் முதல் பேரெடை என்று அடையாளம் காட்டியது எந்தப் போரவையையும் சாராதவர்கள் கண்ணால் பார்த்துப் போட்ட பட்டியல்கள்தான். அவையும் தெரிவுவரிசைதானே? அப்படியானால் ‘போரவைத் தெரிவுவரிசை’, ‘பொதுத் தெரிவுவரிசை’ என்று அடைமொழி போட்டே ஆக வேண்டும். யார் தெரிவு செய்தார்கள் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும்.

கொடைக்கானலிலிருந்து அக்கா

———

அக்காவுக்கு வணக்கம்.

‘வலுப்புள்ளி’ என்னைக் கேட்டால் முடிவான சொல். திண்டுக்கல் ஐயாவும் சரி என்றால் தொகுப்பில் ஏற்றிவிடலாம்.

அடைமொழி யோசனையை முழு மனதோடு ஏற்கிறேன், இன்னொரு காரணமும் சேர்த்து. யாருக்கு அடுத்த வாய்ப்பு என்பதை முடிவு செய்யும் போரவையே வரிசையையும் தன் பக்கத்தில் வெளியிடுகிறது. குத்துச்சண்டையில் பட்டம் வழங்கும் அமைப்பு வேறு, சண்டையை ஏற்பாடு செய்பவர் வேறு. அப்படி இருந்தும் வரிசையில் தில்லுமுல்லு நடக்கிறது என்று அமெரிக்காவில் 2000இல் முகமது அலி பெயரில் சட்டமே போட்டு, வரிசைப்படுத்தும் விதிகளை எழுத்தில் வெளியிடச் சொன்னார்கள். கலப்புச் சண்டைக்கு அந்தச் சட்டம் நீளவில்லை. ஆகவே ‘போரவை’ என்ற அடைமொழி வெறும் அலங்காரம் ஆகாது. படிக்கிறவர் கேட்க வேண்டிய கேள்வியை அது முன்னால் நிறுத்துகிறது.

இன்னும் ஒரு சொல் பாக்கி. 2025 அக்டோபரில் அபுதாபியில் ஆஸ்பினாலும் கானும் மோதியபோது, முதல் சுற்றிலேயே விரல் கண்ணில் குத்தி ஆஸ்பினாலால் தொடர முடியவில்லை. வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, சமனும் இல்லை. ‘முடிவற்ற போட்டி’ என்று எழுதுகிறார்கள். அது முடியாமல் நீள்கிற போட்டி என்று கேட்கிறது. செல்லாத ஓட்டு நமக்கெல்லாம் தெரியும். அந்த வழியில் ‘செல்லாச் சண்டை’. வலுப்புள்ளி ஏறாது, இறங்காது, வாகைவழி நகராது.

வாகைவழிக்கு விளக்கம் எழுதும்போது ஓர் எச்சரிக்கை. யூஎஃப்சியின் பேரெடைத் தொடர் 1997 பிப்ரவரியில் டேன் செவர்னை வென்ற மார்க் கோல்மனிடம் தொடங்குகிறது. அவரை அதே ஜூலையில் மாரிஸ் ஸ்மித் வென்றார், ஸ்மித்தை டிசம்பரில் ரேண்டி கூட்டூர் வென்றார். அடுத்த மாதமே ஒப்பந்தத் தகராறில் கூட்டூரின் பட்டம் பறிபோனது. என்கானுவுக்கு நேர்ந்தது முதல் முறை அல்ல. எனவே விளக்கத்தை இப்படி முன்மொழிகிறேன்:

வாகைவழி: பட்டம் வைத்திருப்பவரைச் சண்டையில் வென்றவருக்கு மட்டுமே கைமாறும் தொடர். ஓய்வு, ஒப்பந்த முறிவு, நிர்வாக நீக்கம் ஆகியவற்றால் பட்டம் காலியானால் அங்கே தொடர் அறும். காலிப் பட்டத்தை வென்றவரிடம் புதிய வாகைவழி தொடங்கும்.

பழையது அறாமல் வீரரோடு கூடவே போகிறது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். என்கானு 2024 அக்டோபரில் பிஎஃப்எல்லில் ரெனான் ஃபெரேராவை முதல் சுற்றிலேயே வீழ்த்திய பிறகு அந்தக் குரல் இன்னும் வலுத்தது. அவர்கள் பக்கம் நிற்பவர்கள் குழுமத்தில் இருந்தால், விளக்கத்தின் இரண்டாம் பாதிக்கு மாற்று வாசகம் எழுதி அனுப்புங்கள். இரண்டையும் தொகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் போடலாம்.