பொருள்: தோல் எழும்ப வதக்கிய மிளகாய்க்கு ஒரு சொல் (திங்களுக்குள்!)

அன்பர்களே,

ஸ்பானியச் சமையல் நூல் ஒன்றை ஆங்கில வழியாகத் தமிழாக்குகிறேன். தொடுகறிப் பகுதியில் முதல் பதார்த்தமே காலை வாருகிறது. ஸ்பெயினின் கலீசியா வட்டாரத்துப் பத்ரோன் மிளகாய், விரல் நீளம்கூட இருக்காது. கழுவி ஈரம் போகத் துடைத்து, காம்போடு முழுசாகச் சூடான ஆலிவ் எண்ணெயில் 2, 3 நிமிடம் புரட்டினால் தோல் அங்கங்கே வெளுத்து எழும்பிப் பழுப்புத் திட்டு விழும். கல்லுப்பைத் தூவி, காம்பைப் பிடித்துக் கடிப்பார்கள். ஆங்கிலத்தில் இதை ‘பிளிஸ்டர்டு’ (கொப்புளம் எழுந்தது) என்கிறார்கள். ‘கொப்பளித்த மிளகாய்’ என்று எழுதினேன், மிளகாய் வாய் கழுவுகிறதா என்று மகள் கேட்டாள்.
— செ.

-----

> ஒரு சொல்

இருக்கிறதே! ‘மொக்குள்’. நீர்க்குமிழி. ‘படுமழை மொக்குளின்’ என்று நாலடியார் யாக்கை நிலையாமைக்குச் சொன்னது. கொப்புளம், பொக்குளம், மொக்குள் எல்லாம் ஒரே குடும்பம். ‘மொக்கு’ம் பக்கத்து வீடுதான். உள்ளே காற்று, மேலே மெல்லிய தோல். ஆகவே ‘மொக்குள் மிளகாய்’.
— ந.

-----

ந. ஐயா, வணக்கம். அச்சில் வந்தால் பாதிப் பேர் ‘மொக்கை மிளகாய்’ என்றே படிப்பார்கள். அடுப்படியில் நிற்பவருக்கு யாக்கை நிலையாமை எதற்கு?

‘பொரிந்த’ போதும். பொரித்த அல்ல, பொரிந்த. பொரித்தது எண்ணெயில் முங்கியது. பொரிந்தது தானாக மேல்தோல் வெடித்தது. சங்கப் பாட்டில் ‘பொரியரை’ என்பது பட்டை வெடித்த அடிமரம்தானே?
— க.

-----

ஒரே ஒற்றெழுத்தில் தொங்குகிறது உங்கள் சொல், அம்மா. அச்சுக்கோப்பவர் ‘ந்’தை ‘த்’ ஆக்கினால் பஜ்ஜிக் கடைதான்.

இதற்கிடையில் யாரும் ‘மிளகாய்’ பக்கம் போகவில்லை. மிளகு + காய். அவர்கள் ‘பிமியெந்தோ’வும் மிளகைக் குறிக்கும் ‘பிமியெந்தா’விலிருந்து வந்ததே. 1492இல் மிளகைத் தேடிப் போன கொலம்பஸ் கண்டது இதை. நம்மவர்களும் புதுக் காயைப் பார்த்ததும் மிளகைத்தான் நினைத்தார்கள். இரண்டு மொழியும் ஒரே வேலையைச் செய்திருக்கிறது...
— இ.

-----

இ. அண்ணா, திங்கட்கிழமை!
— செ.

-----

ஒரு சின்ன இடையூறு. ஸ்பானிய உணவுப் பட்டியல்களில் ‘ஃப்ரீத்தோஸ்’ என்றுதான் பார்த்திருக்கிறேன், எண்ணெயில் பொரித்தவை. கொப்புளம் ஆங்கிலக்காரர் ஏற்றியது. இல்லாத சொல்லுக்கு நாம் மூன்று நாளாக மல்லுக்கட்டுகிறோம். பேசாமல் ‘வதக்கிய பத்ரோன் மிளகாய்’ என்று போடுங்கள்.

அதைவிட, ‘சிலது உறைக்கும், சிலது உறைக்காது’ என்ற கலீசியப் பேச்சு வழக்கை விட்டுவிடாதீர்கள். ஒரே தட்டில் பத்துக்கு ஒன்றிரண்டு கண்ணில் நீர் வரவைக்கும், கோடை முற்ற முற்றக் காரமும் கூடும். எர்போன் ஊர்ப் பிரான்சிஸ்கன் துறவிகள் மெக்சிகோ விதையைக் கொண்டுவந்து மடத்துத் தோட்டத்தில் வளர்த்ததாகச் சொல்வது வழக்கம்.
— த.

-----

வதக்கினால் கத்திரிக்காய் போலக் குழைந்துவிடும் என்று நினைப்பார்களே! எப்போது இறக்குவது என்பதற்கு அந்தத் தோல்தானே அடையாளம்?
— க.

-----

சரி. தலைப்பில் ‘பத்ரோன் மிளகாய் வதக்கல்’, செய்முறையில் ‘தோல் பொரிந்து எழும்பும்வரை’. நான்கு பேர் ஒப்புதல். இரண்டு பேரிடமிருந்து பதில் இல்லை, சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். கோப்பை அனுப்பிவிட்டேன்.
— செ.

-----

நான் ஒப்பவில்லை, பதிவாகட்டும்.

நேற்று வீட்டில் நம்மூர்ப் பச்சை மிளகாயைத் துடைக்காமல் அப்படியே எண்ணெயில் போட்டேன். ஒன்று வெடித்து, வலக்கைப் பெருவிரலில் நெல்லிக்காய் அளவுக்கு எழும்பியிருக்கிறது. வீட்டில் அதைக் கொப்புளம் என்கிறார்கள். மொக்குள்தான்.
— ந.