பாலுவுக்குப் பதினெட்டு: பெரியதோட்டத்துச் சொந்தங்கள் குழு

பெரியப்பா: இனிய ஞாயிறு வணக்கம். எல்லாரும் சாப்பிட்டாச்சுங்களா?

ஊத்துக்குளி சித்தி: ஆச்சுங்க. டீச்சர் கண்ணு, பயிற்சி முடிந்ததா? என் பையன் பாலு மாதிரி மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஏதாவது சொன்னார்களா?

டீச்சர் அக்கா: முடிந்தது சித்தி. ஒன்பது, பத்து எடுக்கிற ஆசிரியர்களுக்கு வட்டார வள மையத்தில் வைத்தார்கள். பள்ளியை விட்டு வெளியே போகிற மாற்றுத்திறன் பிள்ளைகள் அப்புறம் என்ன செய்வார்கள் என்பதுதான் முழுக்கப் பேச்சு. முன்பெல்லாம் 2016 சட்டத்தில் 21 வகை, பழைய 1995 சட்டத்தில் 7 வகை, தேர்வுக்கு என்ன சலுகை என்று வாசித்துவிட்டு டீயும் போண்டாவும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

திருப்பூர் மாமா: இந்தத் தடவை போண்டா இல்லையா?

டீச்சர் அக்கா: அதுவும் இருந்தது மாமா 😀 ஆனால் வந்து உட்கார்ந்ததுமே ஒரு கேள்வி. உங்கள் வகுப்பில் இருக்கிற அந்தப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள், இருபத்தைந்து வயதில் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கே இருக்கும் என்று எழுதச் சொன்னார்கள். பாதிப் பேர் "வீட்டில்" என்று எழுதினார்கள்.

ஊத்துக்குளி சித்தி: நானும் அதைத்தான் எழுதியிருப்பேன். வீட்டில் இருந்தால் எனக்குப் பயமில்லை.

கோவை நங்கை: உங்களுக்குப் பயமில்லை, சரிங்க சித்தி. நீங்கள் இல்லாத காலத்தில்?

ஊத்துக்குளி சித்தி: அதை நினைத்துத்தான் ராத்திரி தூக்கமே வருவதில்லை.

டீச்சர் அக்கா: 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருக்கிற பிள்ளைகளுக்கு 6 வயதிலிருந்து 18 வரை இலவசக் கல்வி என்கிறது சட்டம். அதற்கு அப்புறம் யார் பொறுப்பு என்று பள்ளியில் யாரும் யோசிப்பதில்லை. அமெரிக்காவில் 16 வயது ஆவதற்குள் அந்த மாணவனுடைய கல்வித் திட்டத்திலேயே மேற்படிப்பு என்ன, வேலை என்ன என்று எழுதியாக வேண்டுமாம். அதைப் பேசுகிற கூட்டத்துக்கு அவனையே அழைக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. நமக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. வகுப்பாசிரியருக்குத் தோன்றினால்தான் உண்டு. பி.எட்.டில் உள்ளடங்கிய கல்வி, அதாவது எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பது, என்று ஒரு பாடம் இருக்கிறது, தேர்வு எழுதியதோடு சரி.

திருப்பூர் மாமா: இதற்கெல்லாம் பயிற்சி எதற்கு? அம்மிணி, பள்ளிக்கூடம் முடிந்ததும் பாலுவை என் பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிடு. மாசம் ஐயாயிரம் கொடுக்கிறேன். பேக்கிங் பக்கம் ஒரு சேர் போட்டு உட்கார்ந்திருக்கட்டும்.

ஊத்துக்குளி சித்தி: உங்க மனசு யாருக்கு வரும் அண்ணா 🙏

டீச்சர் அக்கா: கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா. அந்தச் சேர் வேண்டாம். சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுத்தால் நாளைக்கு ஆர்டர் குறைகிறபோது முதலில் எடுப்பது அந்தச் சேரைத்தான்.

திருப்பூர் மாமா: அப்ப என்ன செய்யச் சொல்கிறாய்? போன லீவில் வந்தானே. மடிப்பதில் குறையே சொல்ல முடியாது, எங்கள் ஆட்களைவிடச் சுத்தம். பெட்டி போடச் சொன்னால் குழப்பிவிட்டான். ஒரு பெட்டிக்கு சைஸ்படி எஸ் 1, எம் 2, எல் 2, எக்ஸெல் 1. இந்த ரேஷியோ தப்பினால் ஆர்டர் கொடுத்த பையர் விடுவானா? மொத்தப் பெட்டியையும் பிரித்து எண்ண வேண்டியதுதான்.

டீச்சர் அக்கா: இதைத்தான் மாமா கேட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள்! எங்களையும் ஒரு பனியன் கம்பெனிக்குக் கூட்டிப்போனார்கள். மடிப்பது என்று நாம் ஒரே சொல்லாகச் சொல்கிறோம். பக்கத்தில் நின்று ஒவ்வொரு படியாக எழுதச் சொன்னார்கள். பனியனை முன்பக்கம் கீழே இருக்க விரி, அட்டையை நடுவில் வை, இடது கையை மடி, வலது கையை மடி, கீழிருந்து மேலே மடி, திருப்பிப் போடு, காலரை நேர் பண்ணு, பாலிபேக்கில் நுழை, ஒட்டு. இப்படி எழுதினால்தான் எந்தப் படியில் தடுமாறுகிறான் என்று பிடிபடும். மடிப்பில் பாலுவுக்குத் தடுமாற்றமே இல்லை, எண்ணுவதில் மட்டும்தான். அதற்கு ஒரு பிளைவுட் பலகை போதும். ஆறு கட்டம் போட்டு, எஸ் ஸ்டிக்கர் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸெல் ஒன்று என்று கட்டத்துக்குள் ஒட்டிவிடுங்கள். அதே ஸ்டிக்கர் இருக்கிற பீஸை அதன்மேல் வைக்க வேண்டும். கட்டம் நிரம்பினால் பெட்டியில் போடலாம். எண்ணவே வேண்டாம்.

திருப்பூர் மாமா: அடேங்கப்பா. இதைப் புதுசாக வருகிற ஆட்களுக்கே வைக்கலாம் போலிருக்கிறதே.

டீச்சர் அக்கா: வையுங்கள். பயிற்சி கொடுத்தவர் பெரியநாயக்கன்பாளையம் ராமகிருஷ்ணா மிஷனில் சிறப்புக் கல்வி பி.எட். படித்தவர். பள்ளியில் உட்கார்ந்துகொண்டே யாராலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, வேலை நடக்கிற இடத்துக்குப் போய்ப் பார்க்காத ஆசிரியர் பிள்ளையை வேலைக்குத் தயார் செய்ய முடியாது என்றார். எனக்கு அது சரியென்றுதான் படுகிறது. குறைபாட்டின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

ஊத்துக்குளி சித்தி: பலகை செய்துவிடலாம் கண்ணு. ஊத்துக்குளியிலிருந்து திருப்பூருக்குப் பஸ்ஸில் யார் கூட்டிப்போவது?

டீச்சர் அக்கா: அவனேதான். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து போக வேண்டும். அப்புறம் இரண்டு சீட் பின்னால். அப்புறம் நாம் முன்னாடியே போய் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொள்ள வேண்டும். தூங்கிவிட்டாலோ, ஸ்டாப் தாண்டிவிட்டாலோ யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துப் பழக்க வேண்டும். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

கோவை நங்கை: சித்தி, பேங்க் விஷயம் ஒன்று. பாலுவுக்கு வைகாசியில் பதினெட்டு முடிகிறதல்லவா? அப்புறம் மைனர் கணக்கை நீங்களே கையெழுத்துப் போட்டு ஓட்ட முடியாது. பெற்றவர்கள் என்பது மட்டும் போதாது. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு இருக்கிறவர்களுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பாதுகாவலர் சான்று வாங்கலாம். கலெக்டர் தலைமையில் இருக்கிற உள்ளூர்க் குழுதான் கொடுக்கும். எங்கள் பேங்க் கவுன்டருக்கு வருகிற பெற்றோரில் பலருக்கு இது தெரிவதே இல்லை. பள்ளியில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அலைச்சல் மிச்சம்.

டீச்சர் அக்கா: ஆமாம் நங்கை, பெற்றோர் கூட்டத்தில் அதையும் சொல்லச் சொன்னார்கள். ஆனால் சான்று வாங்கியாச்சு, இனி எல்லா முடிவும் நாம்தான் என்று ஆகிவிடக் கூடாது. அவனால் சொல்ல முடிகிறதை அவனே சொல்லட்டும். இவ்வளவு நேரம் பேசுகிறோம், அவனைக் கேட்டோமா?

பாலு: மாமா கம்பெனி வேண்டாம்

திருப்பூர் மாமா: டேய் மாப்பிள்ளை! குழுவில்தான் இருக்கிறாயா?

பாலு: அங்க சத்தம்

திருப்பூர் மாமா: பேக்கிங் பக்கம் மிஷினே கிடையாதே சாமி?

பாலு: ரேடியோ

திருப்பூர் மாமா: அதை நிறுத்தச் சொன்னால் பேக்கிங் பெண்கள் என்னைத்தான் வெளியே நிறுத்துவார்கள்.

டீச்சர் அக்கா: பாலு, அப்ப உனக்கு எங்கே பிடிக்கும்?

பாலு: பால் சொசைட்டி

ஊத்துக்குளி சித்தி: தினமும் விடிகாலையில் கேனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் ஊற்றிவிட்டு வருவான். வந்து, யாருடைய கேன் எந்த நம்பர் என்று ஒப்பிப்பான். நான் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் அக்கா: சித்தி, ஒவ்வொருவர் பாலிலும் எடுக்கிற சாம்பிள் பாட்டிலில் நம்பர் மாறாமல் வைக்கத் தெரிந்தால் அங்கே பாதி வேலை தெரிந்த மாதிரிதான். பாட்டில் கழுவுவது, வரிசையில் அடுக்குவது, கேன் இறக்குவது எல்லாம் இருக்கிறது. அவன் வகுப்பாசிரியரிடம் நான் பேசுகிறேன். ஒரு நாள் காலையில் அவரும் சொசைட்டிக்கு வந்து பார்க்கட்டும். கம்பெனியையும் லீவில் ஒரு தடவை பார்க்கலாம். இரண்டையும் பார்த்துவிட்டு அவன் சொல்லட்டும்.

திருப்பூர் மாமா: பலகை செய்து வைக்கிறேன். வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு ஆகும்.

பெரியப்பா: சொசைட்டி செயலாளர் நமக்குத் தெரிந்தவர்தான். நான் கேட்கிறேன். ஆனால் சும்மா ஒத்தாசைக்கு என்று சொல்ல மாட்டேன், சம்பளம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பேன்.

கோவை நங்கை: அப்படிக் கேளுங்க மாமா. சித்தி, பாலுவின் யுடிஐடி அட்டையை, அதுதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இரண்டு பக்கமும் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட வேண்டாம்.

ஊத்துக்குளி சித்தி: அட்டை பீரோவில் இருக்கிறது. சாவி அவனிடம்தான். கேட்டு வாங்கி அனுப்புகிறேன்.