மறுமொழி: 'சவுண்ட்ஸ்கேப்' - ஒலிச்சூழலா, ஒலித்திணையா?

அன்பின் நண்பர்களுக்கு,

பிள்ளைகளுக்கான நம் ஒலிப்பதிவுப் பயிற்சிக் கையேடு புதன்கிழமை அச்சகத்துக்குப் போகவேண்டும். இன்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் முடிவாகவில்லை.

முதலாவது 'ஃபீல்ட் ரெக்கோர்டிங்', அதாவது ஒலி பிறக்கும் இடத்துக்கே போய்ப் பதிவது. தம்பி தந்த 'களவொலிப்பதிவு' புணர்ச்சியில் சரிதான். 'களம்' என்பதன் மவ்வீறு ஒற்றழிந்து வகரம் வந்திருக்கிறது. ஆனால் நேற்று வகுப்பில் ஒரு பிள்ளை, "களவாகவா பதியவேணும்?" என்று கேட்டது. 'களப்பதிவு' போதும்.

மற்றது 'சவுண்ட்ஸ்கேப்', ஓர் இடத்தில் கேட்கும் ஒலிகள் எல்லாம் சேர்ந்தது. அது அவ்வளவு லேசில்லை. 1970களில் கனடாவின் மரே ஷேஃபர் பரப்பிய சொல் அது. 'லேண்ட்ஸ்கேப்' போலச் செய்த சொல் என்பதால் உள்ளே நிலம் இருக்கிறது. 'ஒலிச்சூழல்' என்றால் அந்த நிலம் போய்விடுகிறது. 'ஒலிநிலக்காட்சி' வேண்டவே வேண்டாம், காதுக்கான சொல்லில் காட்சி எதற்கு?

இயற்கை ஒலிகளைப் பதிந்த அமெரிக்கர் பேர்னி க்ராவுஸ் ஓர் இடத்தின் ஒலிகளைப் புவியொலி (காற்று, நீர் போன்றவை), உயிரொலி, மனித ஒலி என்று மூன்றாகப் பிரித்தார். கொழும்பு வெள்ளவத்தைக் கடற்கரையில் ரயில் பாதைக்குக் காவலாகப் போட்ட கருங்கற்களில் அலை மோதும் சத்தம் இதில் எது? மணலில் அலை அப்படி ஒலிக்காது. கல் போட்ட பிறகு பிறந்த ஒலி அது. கொழும்பு நடுவிலுள்ள பேரே வாவியும் போர்த்துக்கேயர் காலத்தில் கோட்டையின் பாதுகாப்புக்காக உண்டாக்கியதுதான். அதன் கரை மரங்களில் கத்தும் நீர்க்காகங்களை எந்தப் பிரிவில் போடுவது?

மனிதர் நிலத்தை மாற்றினால் கடலும் பறவையும்கூட வேறு மாதிரி ஒலிக்கும். இதைச் சொல்ல நமக்குத் திணை இருக்கிறது. நிலமும் ஒழுக்கமும் அந்த ஒரே சொல்லில் அடங்கும். திணையின் கருப்பொருள் பட்டியலில் புள்ளும் பறையும் யாழும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, நெய்தலுக்கு மீன்கோட்பறை. அதனால்தான் 'ஒலித்திணை' என்கிறேன்.

அக்காவின் மறுப்பு நியாயமானது. அரச அலுவலகங்களான திணைக்களம் திணைக்களமாக அலைந்த சனத்துக்குத் திணை என்றதும் வரிசையும் படிவமும்தான் நினைவு வரும். திண்ணை, திணிவு, திணை எல்லாம் ஒரே வேர் என்று ஐயா எழுதிய நீண்ட மடலையும் முழுதாகப் படித்தேன். திண்ணையில் இருந்து தெருவைக் கேட்பது பற்றிய பகுதி மிகப் பிடித்தது. வேரை மட்டும் ஏற்க முடியவில்லை. திணிவு என்றால் நம் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் பாடத்தில் வரும் 'மாஸ்'தான்.

ஏழு பேரில் ஐவர் ஒலிச்சூழலுக்குச் சம்மதம் சொல்லிவிட்டீர்கள். சரி, அட்டையில் அதுவே போகட்டும். ஆனால் அந்த வெள்ளவத்தைக் கற்களருகே பத்து நிமிடம் நின்று பதியும் மூன்றாம் பயிற்சிக்கு 'ஒலித்திணை' என்றே தலைப்பிட்டிருக்கிறேன். மாற்றச் சொல்கிறவர்கள் ஒருமுறை அங்கே போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள். செவ்வாய் இரவு வரை பொறுத்திருப்பேன்.